பழைய ஆயிலை வித்துட்டா பொறுப்பும் சேர்ந்து போயிடுமா?

ஃபேக்டரில இருந்து வெளிய போற ஆபத்தான கழிவுல பெரும்பாலானதுக்கு நாமதான் காசு கட்டணும். ஈடிபில, அதாவது கழிவுநீர் சுத்தம் பண்ற பிளான்ட்ல, படியற சகதியை கும்மிடிப்பூண்டில இருக்கற ஆபத்தான கழிவு கிடங்குக்கு அனுப்பணும்னா டன்னுக்கு இவ்ளோன்னு கேப்பாங்க, லாரி வாடகை தனி. மெஷின்ல ஓடி முடிஞ்ச பழைய ஆயிலுக்கு, அதாவது யூஸ்டு ஆயிலுக்கு, மட்டும் காசு எதிர்ப்பக்கத்துல இருந்து வரும், பேரலுக்கு ரேட் பேசி எடுத்துட்டுப் போக ஆள் ரெடியா நிக்கும். யூஸ்டு ஆயில் ரூல்ஸ் ஏன் இப்படி ஃபார்ம் மேல ஃபார்மா இருக்குன்னு கேட்டா பாதி பதில் இங்கதான் இருக்கு, ஏன்னா காசு கிடைக்கற பொருளை யாரும் கழிவா நினைக்கறதில்ல, பழைய பேப்பர் கடைக்குப் போட்ட மாதிரி போட்டுட்டு மறந்துடறோம். ஆனா சட்டப்படி அந்த ஆயில் வண்டில ஏறினதுக்கு அப்புறமும் உங்க கணக்குலதான் இருக்கு, எதுவரைக்கும்னு கீழ சொல்றேன்.

அம்பத்தூர் எஸ்டேட், பாடி, திருமுடிவாக்கம், திருமழிசை, எங்க வேணா பாருங்க, பழைய ஆயில் கேட்டு வர்றவங்க ரெண்டு வகை. ஒண்ணு, பழைய ஆயிலை சுத்தம் பண்ணித் திரும்ப ஆயிலாக்கற, லைசென்ஸ் இருக்கற ரீ-ரிஃபைனிங் கம்பெனிக்காக வர்ற வண்டி. இன்னொண்ணு, குட்டி யானைல நாலு காலி பேரலோட வந்து கையில பணம் கொடுத்துட்டுப் போற ஆள், பில்லும் கேக்க மாட்டார், பேப்பரும் தர மாட்டார், ஆனா லிட்டருக்கு ரெண்டு மூணு ரூபா கூடவே தருவார். அவர் எப்படி கூட தர முடியுதுன்னு யோசிச்சா விடை சுலபம். அவருக்கு பிளான்ட் செலவு இல்ல, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கட்டற ஃபீஸ் இல்ல, டெஸ்ட் இல்ல. அந்த ஆயில் சென்ட்ரிங் பலகைக்குத் தடவப் போகும், ஏதோ ஒரு ஃபர்னஸ்ல எரியப் போகும், சில சமயம் வெறும்ன வடிகட்டி கலர் மாத்தி புது டப்பாக்குள்ள இன்ஜின் ஆயில்னு திரும்பி வரும். சென்ட்ரிங்குக்கு பழைய ஆயில் தடவறதும் கரையானுக்கு வீட்டு மரத்துல பூசறதும் நம்ம ஊர்ல ரொம்ப சகஜம், அதனாலயே இது ஒரு விஷயம்னு யாருக்கும் தோணறதில்ல.

சட்டத்துக்கு வருவோம். இப்ப அமல்ல இருக்கறது அபாயகரமான மற்றும் இதர கழிவுகள் விதிகள், 2016. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-க்குக் கீழ வர்றது, இதுக்கு முன்னாடி 1989, 2008-ன்னு ரெண்டு தடவை வேற வேற ரூபத்துல இருந்துச்சு. இதோட முதல் அட்டவணைல 5.1-ன்னு ஒரு எண், அதுதான் யூஸ்டு ஆயில். ஆயில் படிஞ்ச சகதி, மிச்சம் மீதி எல்லாம் 5.2. இவ்ளோ லிட்டருக்குக் கீழன்னா விடுபட்டுடலாம்னு இங்க எந்த அளவும் கிடையாது, நாலு லேத் வச்சிருக்கறவருக்கும் ஒரகடம் கார் ஃபேக்டரிக்கும் அதே 5.1தான். இன்ஜின் ஆயில் மட்டும்தானேன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஆனா விதில ஹைட்ராலிக் ஆயில், கியர் ஆயில், டர்பைன் ஆயில், கம்ப்ரஸர் ஆயில், ஹீட் டிரான்ஸ்ஃபர் ஆயில், டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் எல்லாத்தையும் பேர் சொல்லியே போட்டிருக்காங்க. கச்சா எண்ணெய்ல இருந்து வந்ததா இருக்கணும், சிந்தெடிக் கலந்ததும் சேரும். கேன்டீன்ல பஜ்ஜி போட்ட எண்ணெய் இதுல வராது, அது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட தனிக் கதை, தயவுசெஞ்சு அதை இந்த பேரல்ல ஊத்தாதீங்க.

இதே விதில வேஸ்ட் ஆயில்னு இன்னொரு வகையும் தனியா இருக்கு. ரிஃபைனரி, கப்பல், எண்ணெய் டேங்க் இருக்கற இடங்கள்ல சிந்தினது, டேங்க் அடியில தங்கின சகதி, தண்ணி கலந்த ஸ்லாப் ஆயில் மாதிரி சரக்கு. துறைமுகம், மணலி பக்கம் இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். யூஸ்டு ஆயில்னா திரும்ப சுத்தம் பண்ணி புது ஆயிலுக்கு மூலப்பொருளான பேஸ் ஆயிலா மாத்தலாம், வேஸ்ட் ஆயில்னா ஃபர்னஸ்ல எரிபொருளா போகலாம், ரெண்டுக்குமே ஐந்தாவது அட்டவணைல அளவு வச்சிருக்காங்க. யூஸ்டு ஆயிலுக்கு ஈயம் 100 பிபிஎம் (பத்து லட்சத்துல 100 பங்கு), ஆர்சனிக் 5, காட்மியம் குரோமியம் நிக்கல் மூணும் சேர்த்து 500. எரிபொருளா போறதுக்கு இதோட கந்தகம் 4.5 சதவீதம், குளோரின் மாதிரி ஹாலஜன் எல்லாம் சேர்த்து 4000 பிபிஎம்னு கூடுதலா வரும்.

இந்த ஹாலஜன் எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா, கட்டிங் ஆயில்ல அழுத்தம் தாங்கறதுக்காக குளோரின் ஏத்தின பாரஃபின் போடறது ஒரு வழக்கம், ஆழமா டிரில் பண்றது, கஷ்டமான ஸ்டீல்ல பிரோச்சிங் பண்றதுக்கெல்லாம் அது இல்லாம ஓடாதுன்னு மெஷின்காரர் சொல்வார். அதை சரியான சூடு இல்லாத ஃபர்னஸ்ல போட்டு எரிச்சா டையாக்ஸின்ங்கற விஷம் வரும், மூக்குக்குத் தெரியாது, பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்துத்தான் போகும். ரீ-ரிஃபைனருக்கும் குளோரின் வேண்டாத விருந்தாளி, அவரோட டிஸ்டிலேஷன் பாத்திரத்தையே அரிச்சுடும். ஆக ஹைட்ராலிக் ஆயில் நிக்கற பேரல்ல ஒரு பக்கெட் கட்டிங் ஆயிலை ஊத்திட்டா, நல்ல விலைக்குப் போக வேண்டிய சரக்கு முழுசும் கெட்டுப்போச்சு. தின்னர், கெரசின், பார்ட்ஸ் கழுவின சால்வென்ட் கலந்தாலும் இதே கதைதான். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் இன்னும் மோசம், அதுல பிசிபிங்கற குளோரின் கலந்த விஷ ரசாயனம் இருக்கலாம், 2016-ல வந்த ஆணைப்படி பிசிபி பயன்பாடே 2025 டிசம்பர் 31-ஓட முடியணும்னு கெடு வச்சிருந்தாங்க, யூஸ்டு ஆயில்ல அது 2 பிபிஎம் தொடக்கூடாது, அதனால டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலை எதோடயும் சேர்க்காதீங்க. என்னைக் கேட்டா இந்த விதி முழுக்க ஒரே ஒரு வேலையை மட்டும் செய்யணும்னா வகைக்கு ஒரு பேரல், மேல பெயின்ட்ல பேர், அவ்ளோதான், காசு செலவே இல்லாதது இது. நைட் ஷிஃப்ட்ல கிளீனிங் பண்ற ஹெல்பர் தம்பிக்குத் தெரியாம ஆபீஸ் ஃபைல்ல மட்டும் இது இருந்தா பிரயோஜனம் இல்ல, ஊத்தறது அவர்தான்.

கூலன்ட் பத்தி தனியா சொல்லணும். பால் மாதிரி வெள்ளையா சிஎன்சில ஓடுதே அது, தண்ணியும் எண்ணெயும் கலந்த எமல்ஷன், முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். நாத்தம் அடிக்க ஆரம்பிச்சதும் ராத்திரியோட ராத்திரியா ஷெட்டு பின்னாடி மழைநீர் கால்வாய்ல விடற வேலை நடக்குது, எல்லாரும் இல்ல, ஆனா நடக்குது. இதை யூஸ்டு ஆயில்னு ரீ-ரிஃபைனர் வாங்க மாட்டார், எண்ணெயைத் தனியா பிரிக்கணும், பிரிஞ்ச எண்ணெய் ஆபத்தான கழிவு கணக்குல, தண்ணி கழிவுநீர் கணக்குல. கால்வாய் எங்க போய் சேருதுன்னு அம்பத்தூர்க்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், கொரட்டூர் ஏரில தொழிற்பேட்டைக் கழிவுநீரும் சாக்கடையும் கலக்குதுன்னு விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன ஊர் இது.

வச்சுக்கற விஷயத்துல விதி சொல்றது 90 நாள். அதுக்கு மேல ஆபத்தான கழிவை இடத்துல வச்சுக்கக்கூடாது. இங்கதான் சின்ன யூனிட் மாட்டிக்குது. 210 லிட்டர் பேரல் ஒண்ணு நிரம்பினா ஏறக்குறைய 185 கிலோ, சின்ன ஒர்க்‌ஷாப்புக்கு மூணு மாசத்துல ஒரு பேரல் தேறினாலே பெருசு, அந்த ஒத்த பேரலுக்காக லைசென்ஸ் உள்ள வண்டி வராது, குட்டி யானைக்காரர் வருவார். விதி எழுதினவங்களுக்கும் இது தெரியாம இல்ல, வருஷத்துக்கு 10 டன்னுக்குள்ள கழிவு வர்ற சின்ன யூனிட்டுக்கு 180 நாள் வரைக்கும் வாரியம் நீட்டிச்சுக் கொடுக்கலாம்னு அதே எட்டாவது விதில வழி வச்சிருக்காங்க. 10 டன்னுன்னா ஆயில் மட்டும் கணக்குப் போட்டாலே 50 பேரலுக்கு மேல, அதனால எஸ்டேட்ல இருக்கற பெரும்பாலான சின்ன யூனிட் இதுக்குள்ள வந்துடும். ஆனா தானா கிடைக்காது, எழுதிக் கேக்கணும். கேக்காமலே ஒரு வருஷம் வச்சிருந்துட்டு இன்ஸ்பெக்‌ஷன்ல முழிக்கறவங்கதான் அதிகம். பக்கத்து பக்கத்து யூனிட்காரங்க பேசிவச்சு ஒரே நாள்ல ஒரே வண்டியை வரவழைச்சா ரேட்டும் படியும், பேப்பர் மட்டும் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போடணும்.

வைக்கற இடத்துக்கு மேல கூரை, கீழ ஆயில் இறங்காத தரை, சுத்தி ஒரு சின்ன கட்டை, பக்கத்துல டிரெயினுக்கு வழி இருக்கக்கூடாது. பேரல் மேல ஃபார்ம் 8 லேபிள், பளிச்சுனு மஞ்சள் பின்னணில சிவப்பு எழுத்து, ஆங்கிலம், இந்தி, தமிழ் மூணுலயும். மழைல அழியாததா இருக்கணும்னு விதியே சொல்லுது, பிரிண்ட் எடுத்து செல்லோடேப் ஒட்டினா ரெண்டாவது வாரம் காணாம போயிடும். சென்னைல இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி கிடையாதுன்னு 2023 டிசம்பர்ல எல்லாருக்குமே தெரிஞ்சுது. மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் எஸ்டேட் தண்ணில நின்னுச்சு, மெஷின் முழுகினதுதான் நியூஸ்ல வந்துச்சு, ஆனா மூடி இல்லாத பேரல்ல வெள்ளத்தண்ணி ஏறினா எண்ணெய் மேல மிதந்து வழிஞ்சு தண்ணி போற திசைக்கெல்லாம் போகும். அதே வாரம் மணலி ரிஃபைனரி பக்கத்துல இருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துக்கு இறங்கி மீனவர்கள் வலையும் படகும் எண்ணெயா ஆச்சு, தீர்ப்பாயம் தானா முன்வந்து விசாரிச்சுது. அது பெரிய இடம், எல்லாரும் பார்த்தாங்க. சின்னச் சின்ன பேரலெல்லாம் சேர்ந்து எவ்ளோ போச்சுன்னு எவரும் கணக்கு எடுக்கல. அக்டோபர் பொறக்கறதுக்கு முன்னாடி நிரம்பின பேரலை அனுப்பிடறதுதான் நம்ம ஊருக்கு சரி, 90 நாள் கணக்கை அதுக்கு ஏத்த மாதிரி வச்சுக்கணும்.

இனி பேப்பர். முதல்ல ஆத்தரைசேஷன், அதாவது ஆபத்தான கழிவைக் கையாள அனுமதி, ஃபார்ம் 1-ல மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அப்ளை பண்ணணும், ஃபேக்டரி நடத்த வாரியம் தர்ற கன்சென்ட் வாங்கிட்டா போதும்னு நினைச்சுக்கறாங்க, அது வேற இது வேற. வாரியம் மாசு அளவை வச்சுப் பிரிக்கற ஆரஞ்சு, பச்சை மாதிரி கன்சென்ட் தேவைப்படற எந்த கலர்ல யூனிட் இருந்தாலும் 5.1 கழிவு வந்தா இது வேணும். 120 நாளைக்குள்ள வாரியம் முடிவு சொல்லணும், கிடைச்சா 5 வருஷம் செல்லும். அதுல வருஷத்துக்கு இவ்ளோன்னு அளவு போட்டிருப்பாங்க, அந்த நம்பரை ஒரு தடவையாவது படிங்க, ஏன்னா பத்து வருஷம் முன்னாடி ரெண்டு மெஷின் இருந்தப்ப எழுதின அளவு இன்னைக்கு பன்னெண்டு மெஷினுக்கு ஒத்துவராது, அதிகமா அனுப்பினாலும் தப்பு, அளவு சரியா காட்டணும்னு மிச்சத்தைக் கணக்குல சேர்க்காம விட்டா அது இன்னும் பெரிய தப்பு. அப்புறம் தினசரி பதிவு ஃபார்ம் 3, வருஷக் கணக்கு ஃபார்ம் 4, அது ஜூன் 30-க்குள்ள. இதுல சிக்கல் எங்க வருதுன்னா, புது ஆயில் வாங்கின பில் ஜிஎஸ்டில கிடக்கு, 20 பேரல் வாங்கிட்டு வருஷக் கணக்குல ஒரு பேரல் பழைய ஆயில்னு காட்டினா மிச்சம் எங்கன்னு எவனும் கேக்கலாம். கொஞ்சம் லீக் ஆகும், கொஞ்சம் மெஷின்ல சீவி விழற இரும்புச் சுருளோட போகும், துணில போகும், எரிஞ்சும் போகும், அது நிஜம்தான், ஆனா 19 பேரல் அப்படிப் போகாது.

ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு விடை மேனிஃபெஸ்ட்ல, அதாவது கழிவு வண்டியோட போற சீட்டுல, இருக்கு. ஃபார்ம் 10, ஏழு காப்பி, ஒவ்வொண்ணும் ஒரு கலர். வெள்ளை, அனுப்பறவர் வாரியத்துக்கு அனுப்பணும். மஞ்சள், வண்டிக்காரர் கையெழுத்து வாங்கி நீங்க வச்சுக்கணும். மிச்ச அஞ்சும் வண்டில போகும். பிங்க், வாங்கினவர்கிட்ட. ஆரஞ்சு, வண்டிக்காரருக்கு. பச்சை, வாங்கினவர் வாரியத்துக்கு. நீலம், வாங்கினவர்கிட்ட இருந்து உங்களுக்குத் திரும்பி வரணும். சாம்பல், வாங்கினவர் வெளி மாநிலமா இருந்தா உங்க மாநில வாரியத்துக்கு. நீலக் காப்பிதான் இதுல உயிர்நாடி, ஆயில் சேர வேண்டிய இடத்துல சேர்ந்துச்சு, இவ்ளோ கிலோ சேர்ந்துச்சுன்னு அதுலதான் இருக்கும். நீங்க மஞ்சள்ல 900 கிலோன்னு எழுதியிருந்து நீலத்துல 600-ன்னு வந்தா நடுவுல 300 கிலோ எங்கயோ இறங்கியிருக்கு. நீலக் காப்பி வரவே இல்லைன்னா சட்டத்தோட பார்வைல அந்த ஆயில் இன்னும் உங்ககிட்டதான், ஒருவேளை பாலாறு பக்கம் எங்கயாவது கொட்டிக் கிடந்தா பேரல் மேல இருக்கற உங்க லேபிளை வச்சுத்தான் முதல் போன் வரும். நிறைய ஆபீஸ்ல மஞ்சள் காப்பி மட்டும் ஒழுங்கா ஃபைல்ல இருக்கும், நீலத்தை யாரும் துரத்திக் கேக்கறதில்ல. அக்கவுன்ட்ஸ்ல பேமென்ட் வந்தாச்சு இல்ல, அதோட முடிஞ்சுதுன்னு விட்டுடறாங்க.

வண்டிக்கும் அனுமதி வேணும். போற வழில ஏதாவது ஆனா யார் பொறுப்புன்னா, வண்டியை யார் ஏற்பாடு பண்ணாங்களோ அவங்க, அனுப்பறவரோ வாங்கறவரோ, அதையும் மேனிஃபெஸ்ட்ல தெளிவா எழுதணும். டிரைவர்கிட்ட ஃபார்ம் 9 இருக்கணும், வண்டி கவுந்தா என்ன பண்ணணும், யாரைக் கூப்பிடணும்னு இருக்கற தாள். ஆந்திராவுக்கோ கர்நாடகாவுக்கோ ரீசைக்ளிங்குக்கு அனுப்பினா ரெண்டு மாநில வாரியத்துக்கும் முன்கூட்டி தகவல் கொடுத்தா போதும். அழிக்கறதுக்காக வெளி மாநிலத்துக்கு அனுப்பினாதான் ரெண்டு பக்கமும் தடையில்லாச் சான்று வாங்கணும்.

வாங்கறவர் யாருன்னு பார்க்கறதும் நம்ம வேலைதான். அவரோட ஆத்தரைசேஷன் காப்பி வாங்கி தேதி முடிஞ்சுடுச்சா, 5.1 அதுல இருக்கா, வருஷத்துக்கு எவ்ளோ எடுக்கலாம்னு மூணையும் பார்க்கணும். அவர் எப்படி சுத்தம் பண்றார்னும் கேளுங்க. ஒரு காலத்துல சல்ஃப்யூரிக் ஆசிட் ஊத்தி, கறுப்பு தார் மாதிரி படிய விட்டு, மேல இருக்கறதை களிமண்ல வடிகட்டறதுதான் வழக்கம், மலிவு, நாட்டு முறை, ஆனா மிஞ்சற ஆசிட் சகதி ஆயிலை விட மோசமான விஷம், அதை ஊருக்கு வெளிய குழி தோண்டி கொட்டிட்டுப் போவாங்க. இப்ப அதுக்கு அனுமதி கிடையாது. வெற்றிடத்துல டிஸ்டில் பண்ணி களிமண்ணாலயோ ஹைட்ரஜனாலயோ சுத்தம் பண்றது, இல்ல தின் ஃபிலிம் எவாபொரேஷன், இந்த மாதிரி முறைக்குத்தான் அனுமதி. இதுக்கு முதலீடு ஜாஸ்தி, அதனாலதான் ஒழுங்கான ரீ-ரிஃபைனரால குட்டி யானைக்காரர் ரேட்டுக்கு ஈடு கொடுக்க முடியல.

இந்த ரேட் வித்தியாசத்தைக் குறைக்கத்தான் 2023 செப்டம்பர்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, 2024 ஏப்ரல் 1-ல இருந்து அமல். புது ஆயில் தயாரிக்கற கம்பெனியும் இறக்குமதி பண்றவங்களும் தாங்க வித்ததுல ஒரு பங்கு அளவுக்கு பழைய ஆயில் ரீசைக்கிள் ஆச்சுன்னு காட்டணும், முதல் வருஷம் 5 சதவீதத்துல ஆரம்பிச்சு படிப்படியா 50 சதவீதம் வரைக்கும் ஏறும். பதிவு பண்ணின ரீசைக்ளர் எவ்ளோ ஆயில் எடுத்து சுத்தம் பண்ணாரோ அதுக்கு மத்திய வாரியத்தோட போர்ட்டல்ல சர்டிஃபிகேட் வரும், அதை ஆயில் கம்பெனிக்காரங்க காசு கொடுத்து வாங்குவாங்க. ஆக ரீசைக்ளருக்கு ஆயில் வித்த காசோட சேர்ந்து சர்டிஃபிகேட் காசும் வரும், அதுல கொஞ்சத்தை நமக்குக் கூட்டிக் கொடுத்து பேரலைத் தன் பக்கம் இழுப்பார்ங்கறதுதான் திட்டம். திட்டம் நல்லாத்தான் இருக்கு. சர்டிஃபிகேட் விலை கீழயே கிடந்தா ஒத்த பேரல் வச்சிருக்கறவர் வாசலுக்கு அந்தக் காசு வந்து சேராது, பெரிய ஃபேக்டரியோடயே நின்னுடும்னுதான் எனக்குத் தோணுது. கலெக்‌ஷன் ஏஜென்ட்னு ஒரு பிரிவையும் பதிவுக்குள்ள கொண்டு வந்திருக்காங்க, குட்டி யானைக்காரரையே அதுல பதிவு பண்ண வச்சுட்டா பாதிப் பிரச்சனை தீரும், அவருக்குத்தான் எந்த சந்துல எந்த பேரல் நிரம்பியிருக்குன்னு தெரியும்.

தண்டனைல ஒரு மாத்தம் நடந்திருக்கு. முன்னாடி சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல 5 வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு இருந்துச்சு. ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து 2024 ஏப்ரல்ல இருந்து ஜெயிலை எடுத்துட்டு 10,000 ரூபாயில இருந்து 15 லட்சம் வரைக்கும் பெனால்ட்டின்னு மாத்திட்டாங்க. ஜெயில் போச்சேன்னு நிம்மதி ஆகறவங்க ஒண்ணைக் கவனிக்கணும், முன்னாடி கேஸ் போட்டு கோர்ட்ல நிரூபிக்கணும், வருஷக்கணக்குல இழுக்கும், இப்ப அதிகாரியே விசாரிச்சு பெனால்ட்டி போடலாம். இதுக்கு மேல சுற்றுச்சூழல் இழப்பீடுன்னு தனியா வரும், மண்ணைத் தோண்டி சுத்தம் பண்ற செலவும் உங்க தலைலதான்.

கடைசியா ஆயிலைத் தொட்ட மத்த பொருளெல்லாம். அதே முதல் அட்டவணைல மெஷின் துடைச்ச பனியன் வேஸ்ட் 33.2, காலி பேரலும் கேனும் 33.1, ஆயில் ஃபில்டரும் ஆபத்தான கழிவுதான். துணியை பின்னாடி போட்டுக் கொளுத்தக்கூடாது, கும்மிடிப்பூண்டிக்கோ சிமென்ட் ஆலை சூளைக்கோ போகணும், அதுக்கும் அதே மேனிஃபெஸ்ட். காலி கேன் பத்தி எனக்கு ஆயிலை விட கவலை அதிகம், ஏன்னா நம்ம ஊர்ல ஆயில் கேன், கெமிக்கல் டிரம் எல்லாத்துக்கும் ரெண்டாவது வாழ்க்கை தண்ணி பிடிக்கற டிரம்மாதான், மெட்ரோ வாட்டர் லாரி வர்ற தெருவுல வரிசையா நிக்கற நீல டிரம்ல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யார் பார்த்தாங்க. செக்யூரிட்டியோ ஹெல்பரோ வீட்டுக்கு ஒண்ணு கேட்டா கொடுத்துடாதீங்க, டிரம் கழுவித் தர்ற யூனிட்டுக்கும் தனியா ஆத்தரைசேஷன் உண்டு, அங்க அனுப்புங்க, இல்ல ஓட்டை போட்டு நசுக்கிட்டு அனுமதி உள்ள இடத்துக்கு அனுப்புங்க.